சட்டத்துக்கு விற்ற கார்

1987 கோடையில், கனடாவின் ஸ்காபரோவில் ஓட்டல் கோப்பை கழுவும் கஸ்பர் புத்தம்புதுக் கார் வாங்கினார். நாலு வருடம் காணாத மனைவி எமில்டா மன்னாரிலிருந்து வருகிறாள். அவளைத் தன் சொந்தக் காரில் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்தக் கார் பிறந்த கதை வேறு. அமெரிக்கப் பந்தயத்தில் ஒரு சட்டம்: பொதுமக்களுக்குக் கடையில் விற்காத உருவத்தில் எந்தக் காரும் ஓடக்கூடாது. ஒரு கம்பனியின் காரில் நெட்டுக்குத்தாக நின்ற பின்கண்ணாடி காற்றில் இழுபட, எதிர்க்கம்பனி முன்னே போய்விட்டது. எஞ்சினியர்மார் கூடிக் கண்ணாடியை நீட்டிச் சரித்தார்கள். காற்று வழுக்கியது. ஆனால் கண்ணாடி டிக்கி மூடியையும் தின்றுவிட்டது; ஒடுங்கிய வாய்தான் மிச்சம். பந்தயக்காரன் டிக்கியில் அரிசி மூட்டையா ஏற்றப்போகிறான்? இனிப் பொதுமக்கள் சிலரைப் பிடித்து விற்றால் சட்டம் திருப்திப்படும்.

கஸ்பர்தான் அந்தப் பொதுமக்கள். விற்பனையாளன் கண்ணாடியைத் தடவித் தடவிக் காட்டினான். டிக்கியைத் திறந்து பார்க்க இவருக்குத் தோன்றவில்லை.

விமானநிலையத்தில் எமில்டா இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்தாள். அவளுடைய தமையன் பேனாட்டும், கஸ்பர் வேண்டாமென்று சொல்லியும், பிக்கரிங்கிலிருந்து தன் வான் வண்டியோடு வந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, டிக்கியைத் திறவுங்கோவன்."

"திறந்துதான் கிடக்கு."

எமில்டா குனிந்து பார்த்தாள். "உதுக்கை என்னத்தை வைக்கிறது?"

"உது றேஸ் கார். காத்து வழுக்கிப் போகும்."

"காத்துக்கு வழி விட்டிருக்கிறாங்கள். எனக்கு?"

கஸ்பர் இருந்த இரண்டு கதவாலும் பெட்டியைத் திணித்துப் பார்த்தார். ஒன்று உள்ளே போய்ச் சிக்கியது. மற்றதும் போனால் எமில்டா கூரையில்தான் இருக்கவேண்டும்.

"மச்சான், உதை ஆக்களுக்கு விக்கேல்லை, சட்டத்துக்கு வித்திருக்கிறாங்கள்," என்றார் பேனாட்.

"பெட்டி வானுக்கை போகட்டும். நீர் என்னோடை வாரும்," என்றார் கஸ்பர் எமில்டாவிடம்.

"ஏலாது. சண்டைக்குப் பயந்து ரெண்டு தரம் வீட்டை விட்டு ஓடேக்கையும் இந்தப் பெட்டியளை நான் விடேல்லை. இது போற இடத்துக்குத்தான் நானும்."

பேனாட் சிக்கிய பெட்டியை இழுத்தெடுத்து இரண்டையும் வானில் ஏற்ற, அவளும் ஏறிவிட்டாள். கஸ்பர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார், வானைப் பார்த்தார். பிறகு அந்தத் திறப்பால் காரைப் பூட்டினார்.

"கார், மச்சான்?"

"அது நிக்கட்டும். நாளைக்கு எடுப்பம்."

வானில் வேறு இருக்கை மிச்சமில்லை. அவர் எமில்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் குந்தினார். நாலு வருடப் பிரிவுக்குப் பின் மனைவி அவர் காதோரம் குனிந்து சொன்னாள்:

"மெல்லக் குந்துங்கோ, உள்ளுக்கை ஊறுகாய்ப் போத்தல் கிடக்கு."