டேங்கின் கழுத்தில் அணைந்த கற்பூரம்

உயிரோடு இருக்கும் என் தம்பியை இதே சபையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். சபையார் பொறுமையாகக் கேளுங்கள். இதில் இனிப்பு கொஞ்சம்தான்.

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஜினியர். கெமிக்கல் படித்தவள். தம்பி ஜெபராஜ் அங்கேயே கான்ட்ராக்ட் ஃபிட்டர். போன கோடையில் புதிதாக ஒரு ஸ்டீல் டேங்க் வந்தது. மூன்று ஆள் ஆழம், மேலே ஒருவர் நுழையும் அளவுக்குக் கழுத்து. வெல்டிங் சுத்தமாக வர உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிடக் கனம், அதனால் அடியிலேயே கிடக்கும். அதற்குள் இறங்கியவன் மூச்சுக்குக் காற்றின்றி, கூப்பிடக்கூட நேரமில்லாமல் சாய்ந்துவிடுவான்.

உள்ளே இறங்கித் துடைக்க ஜெபராஜைப் போட்டார்கள். காற்றைச் சோதிக்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது.

"மூடி தொறந்துதானே இருக்கு மேடம்? டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள காத்து பூந்துடும்" என்றார் மேனேஜர்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அசையாமல் நிற்கும் இரண்டு வாயுக்கள் தாமாக ஒன்றில் ஒன்று கலப்பது ஆமை வேகம். கழுத்தின் அகலம், நீளம், கீழே எவ்வளவு ஆர்கான், மேலே எவ்வளவு, இவற்றை வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெளியேறும் என்று பார்த்தேன். நிற்காமல் ஒரே சீராகப் போனாலும் வாரக்கணக்கில் ஆகும். புளோயர் வைத்துக் காற்றை அடித்தால்தான் உண்டு.

மேனேஜர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது பரீட்சை இல்ல மேடம், புரொடக்‌ஷன்" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு. தம்பியிடம் ஓடினேன்.

"எறங்கலன்னா நாளைக்கு கேட்லயே நிறுத்திடுவானுங்கக்கா. இன்னா பண்ண சொல்ற?"

பெண்கள் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் கணக்கை நம்ப ஒரே ஒரு மனுஷனைத் தாரும்." அவ்வளவுதான் கேட்டேன்.

திரும்பி வந்தபோது தம்பி பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியருகே நின்றான். வடக்குப்பட்டு ஏழுமலை அண்ணன், அவர்தான் மூத்த ஃபிட்டர், வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

"புது டேங்க்கு. உள்ள ஒரு தபா கற்பூரம் காட்டாம எவனும் எறங்கக் கூடாது."

தகரத் தட்டைக் கம்பியில் கட்டி, கற்பூரத்தை ஏற்றி உள்ளே இறக்கினார். கழுத்தைத் தாண்டியதும் சுடர் அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அதே இடத்தில் அணைந்தது.

"சகுனம் சரியில்ல. இன்னிக்கு வேணாம்பா."

என் கணக்கைத் தள்ளிய மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சகுனம் இல்லை, உள்ளே காற்றே இல்லை!" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் வேலை நின்றது. மறுநாள் பக்கத்துத் தொழிற்சாலையில் வாங்கி வந்த மீட்டரைத் தொங்கவிட்டதும் அது அலறியது. பிறகுதான் புளோயர் வந்தது.

இதைச் சொல்ல வந்தபோது போதகர், "கற்பூரத்தை மட்டும் விட்டுட்டு சொல்லுங்க சிஸ்டர்" என்றார். எப்படி விடுவேன்? வேதத்தில் கழுதையின் வாயைத் திறந்து பேசவைத்தவருக்குக் கற்பூரத்தை அணைக்கத் தெரியாதா? நான் கேட்ட மனுஷனை அவர் தரவில்லை. தம்பியைத் தந்தார். நன்றியோடு வாங்கிக்கொண்டேன். கசப்பும் போகவில்லை.

அன்றைக்கு வேலையை நிறுத்தியதற்காக மேனேஜருக்குப் பாதுகாப்பு விருது கொடுத்தார்கள். இப்போது எந்த டேங்கில் இறங்குவதானாலும் முதலில் கற்பூரம் ஏற்றச் சொல்கிறார். மீட்டர் இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது. நாளைக்குச் சட்டென்று தீப்பற்றும் தின்னர் டேங்கில் அதே கற்பூரத்தை இறக்கினால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். சொல்லிவிட்டேன். சிரித்தார்.

முன்பெல்லாம் கணக்கைக் கொடுத்துவிட்டு ஜெபிக்கப் போவேன். இப்போது ஜெபித்துவிட்டு டேங்கின் வாயிலேயே போய் நிற்கிறேன். என்னைத் தள்ளிவிட்டுத்தான் யாரும் இறங்க வேண்டும். நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். நம்பிவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள்.

அதோ, கடைசி வரிசையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து வாயைத் திறந்தபடி தூங்குகிறானே, அவன்தான் ஜெபராஜ். யாரும் அவனைத் தட்டி எழுப்பாதீர்கள். அவன் மூச்சுவிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.