தானாக எரியும் விளக்கு

தெருவில் அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் பார்த்து அனுப்புவது அவள் வேலை. பைக்குள் குடை மடங்கிக் கிடக்கும் விதத்தை வைத்தே அதற்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கடையிலிருந்து யாராவது பொட்டலத்தோடு வந்தால், "மறைக்காதே, எக்ஸ்ரே ஏற்கெனவே பார்த்துட்டா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அவளுக்கும் அதில் ரகசியமான பெருமைதான்.

திரையில் முகங்கள் தெரியாது. துணியும் தாளும் ஆரஞ்சு நிறத்தில் வரும், இரும்பு நீலத்தில், இரண்டும் கலந்தது பச்சையில். அந்த நிறங்களுக்குள் ஏழை இல்லை, பணக்காரன் இல்லை, உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை. மனிதர்கள் எல்லோரும் சமம் என்பதைத் தான் கண்ணால் பார்த்துச் சம்பளம் வாங்குவதாக அவள் நினைத்தாள்.

அவள் இருக்கைக்கு அந்தப்புறம் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வாசல். அதன் உச்சியில் ஒரு விளக்கு. ஆள் கடக்கும்போது பச்சை எரிந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். சிவப்பு எரிந்தால், உடம்பில் குண்டூசிகூட இல்லாவிட்டாலும், பக்கத்து அறைக்குப் போய் காலணியைக் கழற்றி, கையை விரித்து நிற்க வேண்டும். 'தேர்வு தற்செயலானது, யாரையும் குறிப்பிட்டதல்ல' என்று சுவரில் பலகை மாட்டியிருந்தார்கள். உலோகம் அல்லாத ஆபத்தை அந்த வாசல் கண்டுபிடிக்காது. அதனால் சிலரைக் குலுக்கல் முறையில் நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறார்கள். அதில் நல்ல அறிவு இருக்கிறது. அடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாவிட்டால், எந்த வேடம் போட்டு வந்தும் பயனில்லை.

ஊழியர்களும் அதே வாசல் வழியாகத்தான் வேலைக்கு வர வேண்டும். அவளையே சில காலைகளில் சிவப்பு நிறுத்தியிருக்கிறது. அன்றைக்கெல்லாம் வீட்டில் வந்து சொல்லுவாள்: "இன்னைக்கு என்னையே பிடிச்சுடுச்சு தெரியுமா!" ஏதோ பரிசு விழுந்ததுபோல.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் 'இன்சார்ஜ் அக்கா' என்று கூப்பிட்டார்கள். வாசலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு மேசை. எக்ஸ்ரேயின் கணவன் இறந்தபோது வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தவர், காய்ச்சல் என்றால் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தவர். அவளுக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை. இவர்தான் அக்கா.

கூடப் பிறந்த அண்ணன் இருந்தார். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் அவர் குடும்பம், மேலே இவள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் பறந்துபோய், நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைக்கிற வேலை. முன்பொரு நாள் தீப்பொறி பட்டு அவருடைய இடது இமை பாதி இறங்கி, கன்னத்தில் தழும்பும் விழுந்துவிட்டது. அந்தத் தழும்பை மறைக்கத் தாடி வளர்த்தார். விளைவாக, சும்மா நின்றாலும் எதையோ திட்டமிடுகிறவர் மாதிரி ஒரு முகம். வீட்டுக்குள் அவரைப்போல் பயந்தாங்கொள்ளி கிடையாது. பல்லி விழுந்தால் அண்ணியைத்தான் கூப்பிடுவார்.

அவர் கடந்தால் விளக்கு சிவப்பு. போன முறையும் சிவப்பு, அதற்கு முந்தின முறையும் சிவப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இது வெடித்தது.

"பாப்பா, உன் விளக்குக்கு என் மேல ஏதாவது காதலா?" என்றார் அண்ணன்.

"அதுக்குக் கண்ணே கிடையாதுண்ணா. தானா எரியுது. என்னைக்கூட நிறுத்துது."

"உன்னை எப்பவாவது நிறுத்துது. என்னை எப்பவுமே நிறுத்துது."

"குலுக்கல்னா அப்படித்தான். சிலருக்கு தொடர்ந்து விழும்."

அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே குறுக்கிட்டாள். "இவ்வளவு அதிர்ஷ்டம் இருக்கிற மனுஷன் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கக்கூடாதா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "லிஃப்டும் தானா ஓடுதுன்னுதான் ஜனங்க நினைக்கிறாங்க. முதலாளி வந்தா மட்டும் நேரா மேல போறதுக்கு உள்ளே ஒரு சாவித் துளை இருக்கு. அதை மாட்டுறதே நான்தான்."

"எல்லா மெஷினும் உன் லிஃப்ட் இல்ல. எங்க அக்கா அப்படிப்பட்டவங்களும் இல்ல."

"முகத்தைப் பார்க்காம வேலை செய்றியே, கொஞ்சம் திரையிலிருந்து தலையைத் திருப்பி அந்த ரூம் வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னு பாரேன்."

வேலைக்குப் போனபோதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பை வந்துகொண்டே இருக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது என்பது வேலையின் முதல் விதி. விதியை மீறாத நல்ல ஊழியர்களின் முதுகுக்குப் பின்னால்தான் பல அநியாயங்கள் நிம்மதியாக நடக்கின்றன.

கொஞ்ச நாளில் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டது, உடனே போ என்று அண்ணனைக் கம்பெனி அனுப்பியது. மறுபடியும் சிவப்பு. அறைக்குள் அவருடைய காலணியை வளைத்துப் பார்த்து, இமைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து, தாடிக்குள் விரல் விட்டுத் துழாவி முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது. நோயாளிகளைத் தூக்குக் கட்டிலில் வைத்துப் படி வழியாக இறக்கினார்களாம். கம்பெனி காரணம் கேட்கவில்லை, வேலையை விட்டு எடுத்துவிட்டது. அண்ணன் புகார் கொடுத்தார். முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்பதுதான் புகார்.

விசாரணை அதிகாரி ஊழியர் ஒருவரை அனுப்பச் சொன்னார். இன்சார்ஜ் அக்கா இவளை அனுப்பினார். "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு, போதும். ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம்."

அவள் கூட்டிச் சொல்லவில்லை. அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்க, நிமிர்ந்து நின்று சொன்னாள்: "விளக்கு தானாகத்தான் எரியுது. யாரும் எரிய வைக்க முடியாது. என்னையே நிறுத்தியிருக்கு. இவர் என் கூடப் பிறந்த அண்ணன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தாலும் நான் இப்படிச் சொல்வேனா?"

அதற்குமேல் அதிகாரிக்கு என்ன வேண்டும்? கூடப் பிறந்தவளே சொல்லிவிட்டாள். புகாரைத் தள்ளிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ என் தங்கச்சியா, அந்த மெஷினோட தங்கச்சியா?"

அதன் பிறகு பேச்சில்லை. ஒரே படிக்கட்டு. அவள் இறங்கும் சத்தம் கேட்டால் கீழே கதவு சாத்திக்கொள்ளும். அண்ணி மட்டும் மாடிக்கு வந்து துணி காயப்போடும் சாக்கில் நாலு வார்த்தை பேசுவாள். "அவர் கோபம் எல்லாம் லிஃப்ட் மாதிரிதான், இறங்கிடும்" என்று சொல்லிப் பார்த்தாள். இறங்கவில்லை. அவர் ஒரு கடையில் மின்விசிறிக்குச் சுருள் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் மேலிடம் ரகசியமாக ஒரு சோதனை வைத்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் பயணிபோல வந்தார். மழித்த முகம், கழுத்துப்பட்டை, தேய்த்த சட்டை. வயிற்றில் வெடிமருந்து போன்ற ஒரு களிமண் கட்டியை வைத்துக் கட்டியிருந்தார். வாசல் கத்தவில்லை, களிமண்ணில் உலோகம் ஏது? விளக்கு பச்சை. மனிதர் காலை வணக்கம் சொல்லிவிட்டு விமானம் வரை போய்த் திரும்பி வந்து, சட்டையைத் தூக்கிக் காட்டினார். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு கட்டடத் தொழிலாளியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்சார்ஜ் அக்காவை விளக்கம் கேட்க மேலே கூப்பிட்டார்கள். போகும்போது, "நீ என் மேசையில கொஞ்சம் உட்காரு. சும்மா பார்த்துக்கிட்டிரு, எதையும் தொடாதே" என்றார்.

அவள் எதையும் தொடவில்லை, கையால். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வது அவர்களுக்கெல்லாம் பழக்கம். அங்கேயும் அப்படியே நீட்டினாள். தரைவிரிப்புக்கு அடியில் ஒரு சின்ன மேடு. ஏதோ கல் என்று பெருவிரலால் தள்ளினாள். வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்திக்குச் சிவப்பு எரிந்தது.

காலை எடுத்தாள். அடுத்தவருக்குப் பச்சை. மறுபடி அழுத்தினாள். சிவப்பு. எடுத்தாள். பச்சை. கைத்தடி ஊன்றி வந்த ஒரு முதியவருக்கு மறுபடியும் அழுத்தினாள். அழுத்தும்போதே தெரிந்துவிட்டது, ஆனாலும் விரல் கேட்கவில்லை. சிவப்பு.

இத்தனை வருடம் கண்ணே இல்லை என்று அவள் சாதித்த விளக்குக்குக் கால் இருந்தது.

அக்கா திரும்பி வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"காலை எடுடி" என்றார் அக்கா, மெதுவாக.

"அப்போ குலுக்கல்?"

"குலுக்கலும் இருக்கு. எப்பவாவது தானா எரியும். அது எங்கடி போதும்? பாட்டியை நிறுத்திட்டு, பார்த்தாலே திக்குனு இருக்கிறவனை விட்டா, ஜனங்க நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"களிமண் கட்டிக்கிட்டு வந்தவரைப் பார்த்தா உங்களுக்குத் திக்குனு இல்லையாக்கா?"

அக்கா விரிப்பின் ஓரத்தைக் காலால் இழுத்துச் சரிசெய்தார்.

"எங்க அண்ணனையும் நீங்கதானா?"

"உன் அண்ணன்னு முதல்ல தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?"

"தெரிஞ்ச பிறகு விட்டுட்டா, வேண்டியவங்களுக்குச் சலுகைன்னு பேச்சு வராதா?"

"என்னை ஏன் விசாரணைக்கு அனுப்புனீங்க? உங்களுக்குத்தானே விஷயம் தெரியும்?"

"அதனாலதான். தெரிஞ்சவங்க பேசினா நாக்கு குழறும். உனக்குத் தெரியாது. நீ பேசினா அப்படியே நம்புவாங்க."

கடைசிக் கேள்வியை அவள் கேட்கவே பயந்தாள். "என்னை நிறுத்துனதெல்லாம்?"

"அப்பப்போ ஊழியர்ல ஒருத்தரை நிறுத்தணும். அப்போதான் மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்." கொஞ்சம் தயங்கி, "உன்னை நிறுத்தினா நீ சந்தோஷப்படுவே" என்றார்.

எத்தனை நேர்த்தியான ஏமாற்று! அவளை நிறுத்தியே அவளைச் சாட்சியாக்கியிருக்கிறார்கள். இதைப் பாதுகாப்பு என்று யாராவது வாதாட வந்தால் ஒன்று கேட்க வேண்டும்: எந்த முகத்தை நிறுத்துவீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், தப்பு செய்ய வருகிறவன் அந்த முகத்தோடு வருவானா? ஒரு சவரக்கத்தியும் ஒரு கழுத்துப்பட்டையும் போதாதா? உண்மையான குலுக்கல் கோடீஸ்வரனையும் கூலிக்காரனையும் ஒரேபோல் பயமுறுத்தும். மேசைக்கடியில் கால் வைத்த குலுக்கல் கூலிக்காரனை அவமானப்படுத்தும், மற்றவனுக்கு வழி காட்டும். நியாயம் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று நம்மிடம் பேரம் பேசுகிறார்கள். அந்த வாசலில் இரண்டுமே இல்லை.

அன்று சாயங்காலம் படியிறங்கினாள். கீழே கதவு சாத்திக்கொண்டது. சாத்திய கதவைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். விரிப்பு, மேடு, பெருவிரல், அக்கா. உள்ளே அண்ணி, "அய்யய்யோ" என்றது கேட்டது. வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நீ பொய் சொல்லியிருந்தா பரவாயில்ல பாப்பா" என்றார் அண்ணன். "பொய் சொல்லியிருந்தா அந்த ஆபீசர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பார். நீ உண்மையா நம்பித் தொலைச்சே. அதுலதான் நான் தோத்தேன்."

"நான் மறுபடி போய்ச் சொல்றேண்ணா."

"சொல்லு" என்றார். நம்பிக்கையோடு சொன்னதாகத் தெரியவில்லை.

சொன்னாள். அதே அதிகாரி, அதே அறை. ஆள் அனுப்பி மேசைக்கடியில் பார்த்தார்கள். புது விரிப்பு, சமதரை. அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். "அன்னைக்கு இதே இடத்துல நின்னு அவ்வளவு உறுதியா சொன்னீங்களே அம்மா. அன்னைக்குச் சொன்னது உண்மையா, இன்னைக்குச் சொல்றதா? அண்ணன் புகார் தள்ளுபடியான பிறகுதானே பேச்சு மாறுது?"

அவள் உண்மை என்று நம்பிச் சொன்னதை வைத்தே, அவள் கண்டறிந்த உண்மையை அடித்துப் போட்டார்கள். புகார் இரண்டாவது முறையும் தள்ளுபடி. அண்ணன் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார். வீடு வரை பக்கத்தில் நடந்து வந்தார்.

அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா? மறுநாள் காலை வாசலைக் கடந்தாள். சிவப்பு. அதற்கடுத்த நாளும் சிவப்பு. இப்போது தினமும் சிவப்புதான்; புது விரிப்புக்கு அடியிலும் மேடு வந்துவிட்டது போல. காலணியைக் கழற்றுகிறாள், கையை விரிக்கிறாள், பிறகு போய்த் திரைக்கு முன்னால் உட்கார்கிறாள். முன்புபோல் அவள் விளக்கை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடக்கும்போது நேராக மேசைக்கடியில் இருக்கும் அந்தக் காலைப் பார்க்கிறாள். அழுத்துகிறவர்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சாயங்காலம் படியேறும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். கடையிலிருந்து கொண்டுவந்த மின்விசிறிச் சுருளைக் கட்டிக்கொண்டே அண்ணன் உள்ளேயிருந்து கேட்பார்.

"பாப்பா, இன்னைக்கு என்ன கலர்?"

"சிவப்புண்ணா."

"எனக்குத்தான் விழுந்துட்டிருந்துச்சு" என்பார். "இப்போ உனக்கு."