மேரிஹில் செங்கா வாங்கிய லைன்

கிளாஸ்கோவில் மேரிஹில் சாலைப் பந்தயக் கடையின் கவுண்டரில் செங்கா இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. ஆக்னஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் செங்கா. எதையும் நேராகச் செய்து அவள் அம்மாவுக்குப் பழக்கமில்லை. கல்யாணம் ஆகவில்லை. யாரும் கேட்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்க வந்த இரண்டு பேரை அவள் வாய்தான் துரத்தியடித்தது என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள். அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், அவர்கள் சொல்வதுதான் சரி.

அந்த வாய்க்கு முன்னால் ஒரு செப்டம்பர் சனிக்கிழமை லோர்ன் வந்து நின்றார். கனடாவில், வின்னிபெக்கில், சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஏழு வருஷம். இங்கே மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"இன்னைக்கு மேட்சுக்கு லைன் என்னங்க?" என்று கேட்டார்.

செங்கா ஒரு வெற்றுச் சீட்டையும் குட்டிப் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"நீங்க எழுதினாத்தானே இருக்கும்."

"நான் எப்படிங்க எழுதறது? லைன் நீங்கதானே சொல்லணும்."

"நானே எழுதி, நானே பணம் கட்டி, நானே ஜெயிச்சுக்கவா? அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க, மழைக்கு ஒதுங்கவா?"

வரிசையில் பின்னால் நின்ற ஆர்ச்சிக் கிழவர், "விடு கண்ணு, பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவரா இருக்கும்" என்றார். கடையே சிரித்தது. லோர்னும் சேர்ந்து சிரித்தார். செங்காவுக்கு அது பிடித்துப்போயிற்று.

விஷயம் இவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் லைன் என்றால், பலமான அணி இத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று கடைக்காரர் வைக்கிற எண். கிளாஸ்கோவில் லைன் என்றால் பந்தயம் எழுதுகிற சீட்டு. லைன் போடுவது என்றால் நம் ஊரில் என்ன என்று உங்களுக்கே தெரியும். அதையும் லோர்ன் அன்றே ஆரம்பித்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. நாலைந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டுகிற பந்தயத்தை அவர் பார்லே என்பார். "இங்க அதுக்குப் பேரு அக்கா" என்று செங்கா திருத்துவாள்; அக்யுமுலேட்டர் என்பதன் சுருக்கம். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டு, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். லோர்ன் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, அடுத்த வாரம் வந்து பெருமையாக ஒப்பிப்பார். செங்கா வெள்ளிக்கிழமைகளில் தலைமுடியைச் சுருட்டிக்கொள்ளத் தொடங்கினாள்.

மார்ச் வந்தது. லோர்னின் விமானம் வியாழக்கிழமை. போகாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் செங்காவுக்கு. ஊரையே ஓட்டி எடுக்கிற அந்த வாய், இதற்கு மட்டும் திறக்க மாட்டேன் என்றது. வாரம் முழுக்க அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை கடையில் கூட்டம் நெரிந்தது. லோர்ன் புதுச் சட்டையில் வந்தார். பிரிவதற்கு முன்னால் ஆளுக்கொரு சீட்டு எழுதி, ஒரே ஆட்டத்துக்குச் சேர்ந்து பணம் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. செங்கா தன் கடையிலேயே பந்தயம் கட்டக் கூடாது என்பதுகூடத் தெரியாத மனுஷன், கற்ற பாஷையில் கணீரென்று சொன்னார்:

"செங்கா, நான் போறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் லைன்ஸ் வாங்கிடுவோம்."

கடை மொத்தமும் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தது. டிவியில் ஓடிய குதிரைகளை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் லைன் என்றால் சீட்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து லைன்ஸ் வாங்குவது என்றால் கல்யாணப் பத்திரம். ஆள் இரண்டாயிற்றே என்று லோர்ன் பன்மையில் சொல்லிவிட்டார்.

செங்காவின் முகம் சிவந்தது. "சரி," என்றாள். "எப்ப?"

"இப்பவே. மூணு மணிக்கு மேட்ச் ஆரம்பிச்சிடுமே."

ஆர்ச்சிக்குப் பொறுக்கவில்லை. லோர்னின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் ரகசியம் சொன்னார். அவர் ரகசியம் எதிர்ச்சாரிக்குக் கேட்கும். லோர்ன் திகைத்துப்போய் நின்றார். அதைப் பார்த்ததும் செங்காவுக்கு எல்லாம் புரிந்தது. அவர் கேட்கவே இல்லை. இவள் மட்டும் இருபது பேர் முன்னால் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

"பரவாயில்லைங்க" என்று ஒரு வெற்றுச் சீட்டைத் தள்ளினாள். "இந்தாங்க, உங்க லைன்."

அவர் அதைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் அர்த்தம் தெரியாமத்தான் கேட்டேன், செங்கா."

"அதான் தெரியுதே."

"நீங்க அர்த்தம் தெரிஞ்சுதானே சரின்னு சொன்னீங்க?"

செங்கா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப நானும் இப்பத் தெரிஞ்சே கேக்கறேன். ஆறு மாசமா இதைக் கேக்கத் துணிச்சல் இல்லாமத்தான் சீட்டு எழுதிக்கிட்டிருந்தேன். லைன்ஸ் வாங்குவோமா?"

செங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வாய் திரும்பி வந்துவிட்டது.

"எத்தனை தடவை சரி சொல்றது? ஒரு தடவை வாங்கின பந்தயத்தை இந்தக் கடையில நாங்க திருப்பித் தர்றதில்லை" என்றாள். பிறகு, நல்ல சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் அலைமோதுகிற நேரத்தில், கவுண்டரை மூடிவிட்டு வெளியே வந்தாள்.