ஒன்பது பாக்கெட் நிஜாரும் இரண்டு வளையலும்

டூர் கும்பலோடு போகிற சமையல்காரி எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஊரைத்தான் பார்க்கிறாள்: ஒரு கொட்டகை, ஒரு தண்ணிக் குழாய், "ரசம் ஆறிப்போச்சு" என்று சொல்ல நாற்பது பேர்.

காசியும் பத்ரியும் நான் இப்படித்தான் பார்த்தேன். மாம்பலத்தில் ஒரு டூர் கம்பெனிக்கு வருஷக்கணக்காகச் சமைத்துப் போடுகிறேன். கோவில் டூருக்கு வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம்; சாமிக்குப் பயந்தாவது கொஞ்சம் வாயை அடக்குவார்கள். இப்போது புதுசாக 'அட்வென்ச்சர் டூர்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. தீவுக்குப் போகணும், படகு விடணும், கடலில் குதிக்கணும். ஆனால் பன்னிரண்டரை மணிக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இலையில் விழுந்தாகணும். நாலு பேருக்குச் சமைத்துப் போட்டு நாற்பது குற்றம் கேட்டவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு பந்தி பரிமாறிப் பாருங்கள், போதும்.

போன பங்குனியில் அந்தமானுக்குப் போனோம். அதில் வந்த ஒரு தம்பதியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நடமாடும் மருந்துக்கடை

அவர் பெயர் சேஷாத்ரி. மந்தைவெளி. ரிடையர் ஆகிப் புதுசு. தினம் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு நண்பர்களோடு நடக்கிறவர். அந்த நாலு பேரிடமும் "அட்வென்ச்சர் போறேன்" என்று ஒரு மாசமாகச் சொல்லியிருக்கிறார். ஏர்போர்ட்டுக்கு அவர் வந்த கோலத்தைப் பார்க்கணுமே! பாண்டி பஜாரில் வாங்கின முழங்கால் நிஜார், அதில் எண்ணி ஒன்பது பாக்கெட். நெற்றியில் விபூதி, தலையில் வேட்டைக்காரன் தொப்பி. பக்கத்தில் அவர் மனைவி கோமதி, சாதாரண காட்டன் புடவையில், ஒரே ஒரு சின்னப் பையோடு.

செக்கிங்கில் பாக்கெட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். முதல் பாக்கெட்டில் வாந்தி மாத்திரை. இரண்டாவதில் பேதி மாத்திரை. மூன்றாவதில் பேதி நின்றுபோனால் போடுகிற மாத்திரை. அப்புறம் தைலம், ஓம வாட்டர், பஞ்சு, பிளாஸ்திரி என்று வந்துகொண்டே இருந்தது. என்னோடு காய் நறுக்க வருகிற செல்வி, கே.கே. நகர்க்காரி, வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டாள். என் காதுக்கு என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இன்னா மாமி, இது நிஜாரா, மெடிக்கல் ஷாப்பா? கல்லாப்பொட்டி மட்டும்தான் பாக்கியா, வேற எதுனா கீதா?"

பஸ்ஸுக்கு உள்ளே நீச்சல்

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு சின்னத் தீவுக்குப் போகணும். கப்பலில் எல்லோருக்கும் மிதக்கிற சட்டை ஒன்று இருக்கும், ஆபத்துக்கு மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ள. சேஷாத்ரி ஏறினவுடனே அதை மாட்டி, வாரையெல்லாம் இழுத்துக் கட்டி, மடியில் என் தயிர் சாதத் தூக்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். கடல் என்னவோ குளத்துத் தண்ணி மாதிரி அசையாமல் கிடந்தது. கோமதி மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "மாமி, தண்ணி பச்சையா இருக்கு பாருங்கோ! நம்ம பட்டினப்பாக்கத்துக் கடல் இப்படி இல்லையே!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

இறங்கினோம். லாட்ஜுக்குப் போக பஸ் ஏறினோம். பஸ்ஸிலும் மனுஷன் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. கப்பல்காரன் பின்னாலேயே ஓடிவந்து அதைக் கேட்கிறான், இவர் கொடுக்க மாட்டேன் என்கிறார். எங்கள் மேனேஜர் பாபு பொறுமைசாலிப் பையன். அவன்தான் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்: "சார், இது பஸ்ஸு சார். கவுந்தாலும் முழுகாது."

மணலில் ஓடின படகு

அந்த ஊரில் ஒடுங்கலாக ஒரு படகு உண்டு. இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறது. கோமதி ஏறத் தயாராக நின்றாள். சேஷாத்ரியோ, கரையில் மணல் மேல் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகில் தான் மட்டும் ஏறி உட்கார்ந்தார். துடுப்பைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் கடல் தெரிய வேண்டும், முன்னால் மணல் தெரியக்கூடாது; அப்படி ஒரு போட்டோ எடு என்று பாபுவை மணலில் குப்புறப் படுக்க வைத்தார். அதுவும் போதவில்லை. முகத்தில் அலை அடிக்கிற மாதிரி வேண்டுமாம். உப்புத் தண்ணி பட்டால் ஷூ கெட்டுவிடும், அதனால் குழாய்த் தண்ணியாம். சாதம் வடிக்க வைத்திருந்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு செல்வி போனாள்.

மூன்று தடவை ஊற்றியும் போட்டோ சரியாக விழவில்லை. நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, இவள் எங்கே போய்த் தொலைந்தாள் என்று தேடிக்கொண்டு வருகிறேன், அப்போது கேட்டாள்: "சார், இந்த அலை போதுமா, இல்ல இன்னொரு பக்கெட்டு அலை எடுத்தாரட்டா?"

சாஸ்திரம் வந்து காப்பாற்றியது

இந்த டூரே கோமதிக்காக வந்ததுதான். அவருக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணலாம் என்று பிள்ளைகள் பேசினபோது, "எனக்குப் பந்தலும் வேண்டாம், பட்டும் வேண்டாம். ஒரே ஒரு தடவை கடலுக்கு அடியில போய்ப் பார்க்கணும்" என்றாளாம். முப்பத்தைந்து வருஷமாகக் கடற்கரைக்குப் பொடிநடையில் போகிற தூரத்தில் குடித்தனம், ஆனால் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கடல் என்றாலே அவர் "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று முந்தானையைப் பிடித்துக்கொள்வாராம். காப்பிக்கு வருகிற சாக்கில் கொட்டகையில் உட்கார்ந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

அந்தத் தீவில் தலையில் கண்ணாடிக் கூண்டு ஒன்றை மாட்டிக் கடலுக்கு அடியில் நடக்க வைக்கிறார்கள். தலை நனையாது, மூச்சு முட்டாது, நீச்சல் வேண்டாம். ஆனால் வயசான பொம்மனாட்டி போனால், கூட வந்தவர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். முதல் நாள் சேஷாத்ரிக்குத் தலைவலி. இரண்டாம் நாள் மூக்குக் கண்ணாடியைக் காணோம். அது அவர் நிஜாரின் ஏழாவது பாக்கெட்டில் இருந்தது. மூன்றாம் நாள் கோமதி பேனாவையும் பேப்பரையும் கொண்டுவந்து நேராக நீட்டிவிட்டாள். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து, உபன்யாசம் பண்ணுகிற மாதிரிச் சொன்னார்: "சாதாரண நாள்ல சமுத்திரத்துல இறங்கப்படாது. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம், இப்படிப் பர்வ காலம்னா சரி. சாஸ்திரத்தை மீறி உனக்கு மீன் பாக்கணுமா, கோமதி?"

வாழைக்காய் சொன்ன சேதி

மறுநாள்தான் அந்தத் தீவில் கடைசி நாள். அதற்கடுத்த நாள் விடிந்தால் கப்பல். காலையில் ஆறு மணிக்குக் கோமதி காப்பிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் டம்ளரை நீட்டினேன். செல்வி வாழைக்காய்த் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கோமதி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்கு வெங்காய சாம்பார்னு சொன்னேளே மாமி?" என்று கேட்டாள்.

நான் எந்த ஊருக்குப் போனாலும் மளிகைப் பெட்டியில் ஒரு தினசரி காலண்டர் போகும். எனக்குப் படிப்பு கம்மி, ஆனால் நாள் கிழமை தவறினால் நாற்பது பேரும் என்னைத்தான் கடித்துத் தின்பார்கள். "காலண்டர் கிழிக்கறச்சேதான் பார்த்தேன், இன்னிக்கு அமாவாசைம்மா, வெங்காயம் கிடையாது" என்றேன். கோமதி டம்ளரைக் கீழே வைத்தாள். காலண்டரைத் தானே ஒரு தடவை படித்தாள். எழுந்து அவர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. சமாசாரம் என்னவென்றால், ஊரில் மாசா மாசம் தர்ப்பணம் பண்ணி வைக்கிற வாத்தியார் முதல் நாளே போன் பண்ணி ஞாபகப்படுத்துவார். இந்தத் தீவில் போனில் சிக்னல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சாஸ்திரம் பேசின மனுஷன் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண வேண்டிய நாளையே மறந்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கோமதி சத்தமே போடவில்லை. "எழுந்திருங்கோ. நீங்க சொன்ன பர்வ காலம் வந்துடுத்து."

பின்பாட்டு

எழுந்து உட்கார்ந்தவர் முதலில் சொன்னது, "எள்ளு இல்லையே." எள்ளுப் பொடிக்கு வைத்திருந்த கறுப்பு எள் என்னிடம் அரைக் கிலோ இருந்தது. "தர்ப்பை இல்லையே." அதுவும் இருந்தது. வழியில் எங்கேயாவது கிரகணம் வந்தால் ஊறுகாயில் போட வேண்டுமே என்று பெட்டியில் ஒரு கட்டு எப்போதும் வைத்திருப்பேன். "வாத்தியார் இல்லையே, மந்திரம் யார் சொல்லுவா?" அதற்கு மட்டும் என் பெட்டியில் ஒன்றும் இல்லை. இதற்கு நடுவில் பாபு ஓடிவந்தான். அமாவாசையானதால் தண்ணி ஏறுமாம். பத்து மணிக்கு மேல் யாரையும் கடலுக்குள் இறக்க மாட்டார்களாம்.

கோமதி அவரைக் குளிக்க வைத்து, வேட்டி கட்ட வைத்து, கரையில் உட்கார வைத்தாள். அவருக்கு முதல் வரியே வரவில்லை. இருபது வருஷமாக வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னவர்தானே! கோமதியோ அந்த இருபது வருஷமும் அடுக்களையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறாள். நாலடி தள்ளி நின்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக்கொடுத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ சொல்லப்படாதுடி!" என்றார். "நான் எங்க சொல்றேன்? கடலைப் பார்த்துப் பேசிண்டிருக்கேன். நீங்க காதுல வாங்கிக்கோங்கோ" என்றாள். கொள்ளுத்தாத்தா பெயர் வருகிற இடத்தில் மனுஷன் அப்படியே நின்றுவிட்டார்; அதையும் கோமதிதான் எடுத்துக்கொடுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்த செல்விக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை: "அவுங்க தாத்தா பேரும் அந்தம்மாவுக்குத்தான் தெரியும்னா, எள்ளுத் தண்ணியையும் அந்தம்மாவே வுட்டுக்கினு போலாமே, மாமி!"

மீன் எனக்கு

ஒன்பதே காலுக்குத் தர்ப்பணம் முடிந்தது. கோமதி பேப்பரை நீட்டினாள். அப்போதும் விடவில்லை அவர். "தலையில கூண்டு மாட்டினா தலை நனையாது. தலை நனையாட்டா ஸ்நானம் இல்லை. ஸ்நானம் இல்லைன்னா புண்ணியம் இல்லை" என்று ஆரம்பித்தார். "புண்ணியத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. மீன் எனக்கு" என்று கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டாள். "நீங்களும் வரேளா?" என்று ஒரு தடவை கேட்கவும் கேட்டாள். "பையை யார் பாத்துக்கறது?" என்றார். பையில் ஒரு துண்டும் ஒரு சீப்பும் இருந்தன.

வாடகைச் சட்டை, வாடகைப் பேன்ட். வளையலைக் கழற்றச் சொன்னார்கள்; சோப்புப் போட்டும் இரண்டும் வரவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். படகிலிருந்து ஏணியில் இறங்கினாள். கூண்டு முழுகுகிற வரைக்கும் கரையில் நானும் செல்வியும் மூச்சு விடவில்லை. சேஷாத்ரி பையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம். கோமதி திரும்பி வந்தாள். சிரிக்கிறாள், அழுகிறாள், கையை விரித்து விரித்துக் காட்டுகிறாள். கடைசியில் அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஒரு மீன் என் முகத்துக்கு நேரா வந்து நின்னு பார்த்துது. ஜாக்கிரதைன்னு சொல்லவே இல்லை!"

மந்தைவெளிப் பந்தி

ஊருக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். அதே தெருவில் ஒரு சீமந்தம், நான்தான் சமையல். ஆண்கள் பந்தியில் சேஷாத்ரியும் குளத்தைச் சுற்றுகிற நண்பர்களும். ரசம் விட்டுக்கொண்டே வருகிறேன், போனில் ஒரு போட்டோ கை மாறிக்கொண்டிருந்தது. நீலத் தண்ணிக்கு நடுவில் கண்ணாடிக் கூண்டு மாட்டின ஓர் உருவம். வெளிச்சம் அடித்து முகம் தெரியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "கீழ போகப் போகக் காது அடைச்சுது. நான் அசரலையே!" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு ரசக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

நண்பர்களில் ஒருத்தர் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தார். "அது சரி ஓய், கையில என்ன, ரெண்டு வளையல் மாதிரி இருக்கே?" சேஷாத்ரிக்கு அப்பளம் தொண்டையில் சிக்கியது. "அது... அது காத்து வர்ற வளையம். அங்கே எல்லாருக்கும் மாட்டுவா" என்றார். அடுத்த வரிசையில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த கோமதி வாளியோடு அவர் இலைக்கு எதிரில் வந்து நின்றாள். ஒரு முகக்கோணல் கிடையாது. "ஆமாம், இவர்தான் போனார். அந்த வளையத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை, நான்தான் போட்டுண்டிருக்கேன்" என்று கையை நண்பர் மூக்குக்கு நேராக நீட்டி ஆட்டிவிட்டு, இவர் இலையில் ஒரு கரண்டி பாயசம் கூடவே விட்டாள்: "சாப்பிடுங்கோ, ஆழத்துக்குப் போய்ட்டு வந்திருக்கேள்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைத் தீவுக்கும் மலைக்கும் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். சாகசம் பண்ணினவர்களுக்கு நல்ல பசி எடுக்கிறது, பண்ணாதவர்கள்தான் ரசம் ஆறிப்போச்சு என்கிறார்கள்.