எலனோர் கீறிய சுவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எலனோரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா நேற்று மாலை காலமாகிவிட்டார். அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்" என்றார். டேனிஷ் நகரமான சில்க்போர்க்கில் ஏரிக்கரையோரம் நிற்கும் தட்டைக் கூரை வீடுகளைத்தான் சொன்னார். அவற்றின் வரைபடத்தைக் கீறிய கட்டடக் கலைஞர் எலனோர். அங்கே குடியிருந்து, இப்போது ஓகூஸிலும் ஓல்போர்க்கிலும் இருக்கும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சோளவயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். நவீன கட்டடக்கலை அங்கே வேரூன்றிய காலத்தில் சிக்காகோவில் பயின்றார். டேனிஷ்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லாத அவருடைய வீடுகளை அந்த நாளில் தூர இடங்களிலிருந்தும் வந்து பார்த்தார்களாம்.

பிறகு அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களான எங்களுக்கோ அது தினசரிக் கரைச்சல். மிளகாய் பொரித்தால் படுக்கையறை வரை புகை. ஒரு சுவர் கேட்டோம். மூல வடிவத்தை மாற்ற முடியாது என்று வீடுகளைப் பராமரித்த சங்கம் மறுத்தது. குடியிருப்பாளர் குழுவில் நான் இருந்ததால் எலனோருக்கே தொலைபேசி எடுத்தேன். அப்போதே எண்பதைத் தாண்டியிருந்தார். "சமைக்கிற பெண் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்றுதான் அந்தச் சுவரை எடுத்தேன். சம்மதிக்க மாட்டேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி ரஞ்சினி மெல்லக் கேட்டாள்: "நண்டுக்கறிக்குத் தாளிக்கப் போறன். மனுசி இருக்கேக்க செய்யட்டோ, நிப்பாட்டட்டோ?"

"வழமைபோலச் செய்யும்" என்றேன்.

புகை கூடத்துக்கு வந்தது. எலனோர் இருமினார், கண்ணீர் வழிந்தது, ஆனால் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. பிறகு ரஞ்சினியிடம், எல்லோரையும் பார்த்தபடி சமைப்பது பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"ஆக்கள் வந்திருக்கேக்க நான் வேர்த்து வழிஞ்சு நிக்கிறதை எல்லாரும் பாக்கினம். கதவைச் சாத்தினாத்தான் எனக்கு ஆறுதல்."

நான் அதை டேனிஷில் சொன்னேன். "அடுப்படியில் அடைபட்டுக் கிடந்த என் அம்மாவை நினைத்துக் கீறிய வீடு இது. அப்போது உங்களை எனக்குத் தெரியாது" என்றார் எலனோர்.

சங்கத்தின் கூட்டத்துக்கும் வந்தார். மூல வடிவத்தை மதிக்க வேண்டும் என்று தலைவர் தொடங்கியதும், "அதைக் கீறியவள் நான். இந்தச் சுவரையும் நானே கீறித் தருகிறேன்" என்றார். கூடத்து வெளிச்சம் குறையாதபடி மேற்பாதியைக் கண்ணாடியாக வைத்துக் கீறியும் தந்தார்.

உற்சாகத்தில், ஒழுகும் கூரையையும் சரிவாக்கித் தரும்படி கேட்டோம். "வாளி வையுங்கள்" என்றார். கடைசிவரை அதில் அவர் இறங்கி வரவில்லை. வாளியை இன்னும் வைக்கிறோம்.

பத்திரிகை அஞ்சலியில், சுவர் எழும்ப முன்பு எடுத்த படத்தையே போட்டிருக்கிறார்கள். சுவரில்லாத அந்த வீடும் அவருடைய வேலைதான். ஆனால் பெயர் பெற்ற ஒருவர், தன் வாழ்நாள் கொள்கையை சமைக்கிற ஒரு பெண்ணின் பதிலைக் கேட்டு மாற்றிக்கொண்டதை நான் நேரில் கண்டேன். அதை அவர் தோல்வியாக எண்ணவில்லை. அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் நண்டுக்கறியோடு இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மதியத்தைத்தான்.