மீதி அடுத்த வண்டியில்

கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம் ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு துக்கவீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்த வழி. யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

எண்பதுகளில் நான் சீசனுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தேன். மலையடிவாரத்தில் ரேடியோவைத் திருப்பினால் இரைச்சல்தான். கிரிக்கெட் ஸ்கோர் எங்களுக்குத் திருநெல்வேலி பஸ்ஸில்தான் வரும். ஆலங்குளத்தில் ரேடியோ தெளிவாகக் கேட்கும். அங்கே வண்டி நிற்கிற நேரத்தில் ஒருவர் ஏறி, பின்சீட்டுக்கு முன்னால் உள்ள தகரத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டு இறங்கிவிடுவார். தென்காசி சைக்கிள் கடைக்காரரும் நாங்களும் கீழே பதில் எழுதுவோம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

'முதல் ஆட்டக்காரர் தூங்குதார், எழுப்பாதீங்க' என்று வரும்.

'இங்க அனுப்புங்க, எண்ணெய் தேச்சு எழுப்புதேன்' என்று எழுதி அனுப்புவேன்.

கடைசியாக வந்தது இது: 'ரெண்டு பேர் அவுட். மீதி அடுத்த வண்டியில்.' அடுத்த வண்டியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அன்று முழுக்க அவரைத் திட்டினோம். மறுநாள் கண்டக்டர் சொன்னார்: "உங்க எழுத்துக்காரர் போய்ட்டாரு வே. ஆலங்குளத்துல அவரு உரக்கடையிலேயே நெஞ்சுவலி. கீழப்பாவூர்க்காரர்."

நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் அவருடைய தம்பி நின்றார்.

"நீரு யாரு? அண்ணனுக்கு எப்படிப் பழக்கம்?"

"பஸ்சுல பேசிக்கிடுவோம் அண்ணாச்சி."

"அவரு பஸ்சு ஏறவே மாட்டாரே. எங்க போனாலும் சைக்கிள்தான்."

"கிரிக்கெட் பத்தி..."

"கிரிக்கெட்டா? உரக்கடை, நரசிம்மர் கோயில், வீடு. வேற ஒண்ணும் தெரியாது அவருக்கு. வீடு மாறி வந்துட்டீரோ?"

உள்ளே அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எங்களை எவ்வளவு சிரிக்க வைத்தார் என்று அந்த வீட்டில் ஒருவரிடமாவது சொல்லத்தான் போயிருந்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் கேலிப் பேச்சு. துக்கவீட்டில் அதை எடுக்க வாய் வரவில்லை. மாலை போட்ட படத்தில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். நான் பெரிய மீசைக்காரர் என்று நினைத்திருந்தேன். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ரோட்டில் குற்றாலம் பஸ் வந்து நின்றது. ஏறிப் பின்னால் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர் எழுத்து, திருநெல்வேலி வரை போய்விட்டு அப்படியே திரும்பியிருந்தது: 'ஏன் பதில் இல்ல அண்ணாச்சி, கோவமா?'

கீழே எழுத என்னிடம் சாக்பீஸ் இல்லை. ஆலங்குளத்தில் ஆள் இல்லையென்றால் எங்கள் பேச்சே நின்றுபோகும். இறங்கி, எதிரே வந்த திருநெல்வேலி வண்டியில் ஏறினேன்.

மறுநாள் காலை ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். கல்லாவுக்கு மேலே ரேடியோ இருந்தது.

"மேட்ச் வைப்பீங்களா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வைப்பேன். உனக்கு இங்கிலீஷ் விளங்குமாலே?"

"அவுட்டுன்னா விளங்கும் அண்ணாச்சி."

"சரி, கிளாஸைக் கழுவு."