நாலுவழிச் சாலையில் நடந்த நாய்

ஊரடங்கு போட்ட கொஞ்ச நாளில் என் கணவர் வீடு வந்து சேர்ந்தார். லாரி டிரைவர். கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்ததே கிடையாது. முட்டை லோடு இறக்கிவிட்டு வருவார், துணி காய்வதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். இப்போது லாரி, ஓனர் வீட்டுக் களத்தில் நின்றது. இவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான் தையல் மிஷினில் மாஸ்க் தைத்துக்கொண்டிருப்பேன். சாப்பிட நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், சேலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. எதிரே இருந்த புரோட்டாக் கடையை மூடியதால் அங்கே கிடந்த கறுப்புப் பெண் நாய்க்குச் சோறு இல்லை. மிஞ்சியதை நான்தான் கொண்டுபோய் வைப்பேன். ஒருநாள் காலை, வாசலில் என்னைப் பார்த்துவிட்டு அது சாலையைக் கடந்து ஓடி வந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் அவர் எழுந்து ஓடினார். முன்னங்கால்களால் தரையைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டிருந்த நாயைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்.

காய்கறி டிரேயில் அதைக் கிடத்தி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம். வழியில் போலீஸ்காரர் ஒருவர் தடுத்தார்.

"நாய்க்காகவா வெளிய வந்தீங்க?"

"ஆமாங்க சார். அதுக்கும் உசுருதானுங்களே" என்றார் இவர்.

டிரேயை எட்டிப் பார்த்த போலீஸ்காரர் தடுப்பைத் தானே நகர்த்தி வழிவிட்டார்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு முறியவில்லை, தண்டுவடத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். "நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இடுப்பைத் தூக்கிப் பிடிச்சு தினமும் நடக்க வைங்க. அடிவயித்தை அமுக்கி மூத்திரம் எடுத்து விடணும். புண்ணு வராம பாத்துக்கணும்."

அமுக்கி எடுக்கும் வேலையை நான்தான் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். "நீ மிஷினப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்று அவர் எடுத்துக்கொண்டார். மாஸ்க் துணியில் மிஞ்சியதை நாலு மடிப்பாக மடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து ஒரு தொட்டில் தைத்துக் கொடுத்தேன். அதை நாயின் இடுப்புக்கடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு காலையும் மாலையும் வெறிச்சோடிக் கிடந்த நாலுவழிச் சாலையில் நடந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "என்னப்பா, லாரி ஓட்டுனவன் நாய ஓட்டிட்டு இருக்கற?"

"பேக் டயரு ரெண்டும் பஞ்சருங்க. அம்மணிய பட்டறைல உட்டுருக்கறன்" என்றார் இவர். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயில் கேலி வந்ததைக் கேட்டு மிஷினை நிறுத்திவிட்டேன்.

வாரங்கள் போயின. கால்கள் ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டே இருந்தன. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் சோற்றுத் தட்டைப் பார்த்ததும் வாலின் நுனி அசைந்தது. அடுத்து ஒரு பாதம் தரையை உந்தியது.

ஒரு சாயங்காலம் சாலையிலிருந்து அவர் குரல் வந்தது. "ஏம்புள்ள! ஓடியா, ஓடியா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டில் அவர் தோளில் கிடந்தது. நடுச்சாலையில் நாய் நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் வெடவெடவென்று ஆடியது.

"கூப்புடு புள்ள!"

"வா சாமி, வா" என்றேன். ஆடி ஆடி, ஒரு தடவை உட்கார்ந்து, மறுபடி எழுந்து, அது என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு லாரி ஹாரனைப் போலக் கத்தினார். வாசல்களில் நின்றவர்கள் மாஸ்க்கோடு கைதட்டினார்கள். அன்றைக்குக் கேலி செய்து சிரித்த பக்கத்து வீட்டுக்காரர் மாஸ்க்கை இறக்கிவிட்டு விசிலே அடித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

லோடு மறுபடி கிடைத்து அவர் கிளம்பிய அன்று, லாரிக்குப் பின்னாலேயே ரோட்டுப் பாலம் வரைக்கும் நாய் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"கண்ணாடில பாத்தனா, என்னா ஓட்டம் ஓடறா புள்ள! வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன். கண்ணு மறைக்குது."